ஜாலியாக இருப்பதில் கண்டிப்பானவர்

இவரை உங்களுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஓஎம்ஆரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, மேடவாக்கம் பக்கம் அபார்ட்மென்ட், மாதம் பிறந்தால் இஎம்ஐ. கம்பெனி செலவில் செய்துகொண்ட மாஸ்டர் செக்கப்பில் பிரஷர் கொஞ்சம் எகிறியிருக்கும். "டென்ஷனைக் குறைங்க சார். கொஞ்சம் ஜாலியா இருங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு மறந்திருப்பார்கள். இவர் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் ஷீட் போட்டார். முதல் கட்டத்தின் தலைப்பு: ஜாலி. அடுத்தது: பொறுப்பு யார். அதற்கடுத்தது: கடைசித் தேதி.

பெயர் எதற்கு? எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ஜாலி சார். அதை அவர் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். கெடுப்பானேன்.

காலை 5.40க்கு வாக்கிங். பார்க்கில் அவர் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துவதாகத் தோன்றும். துரத்துவது கையில் கட்டியிருக்கும் வாட்ச். பத்தாயிரம் அடி முடியாமல் வீடு திரும்ப மாட்டார். இந்தப் பத்தாயிரம் ஒன்றும் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து போட்ட கணக்கில்லை. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து கிளம்பியது. ஒருநாள் இதை அவரிடம் சொன்னேன். "அப்படியா!" என்று நின்றார். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கேட்டார், எண்ணிக்கை நின்றுவிடக் கூடாதே. வேப்பமரத்தில் குயில் கூவுவது அவர் காதில் விழ வழியில்லை. காதில் இயர்போன், அதில் கவலையில்லாமல் வாழ்வது எப்படி என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், ஒன்றரை மடங்கு வேகத்தில். கவலையின்மையையும் சட்டுபுட்டென்று முடித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டாமா?

நடை முடிந்ததும் அதே பார்க்கில் சிரிப்பு கிளப். 1995ல் மும்பையில் ஒரு பூங்காவில் ஐந்தே பேரோடு இதைத் தொடங்கியவர் மதன் கட்டாரியா என்ற டாக்டர். ஆரம்பத்தில் வட்டமாக நின்று ஜோக் சொல்லித்தான் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்துபோக, மிச்சமிருந்தவை பொது இடத்தில் சொல்லும்படியாக இல்லை. அதற்குப் பிறகுதான் காரணமே இல்லாமல் சிரிப்பது என்று முறையை மாற்றினார். ஜாலி சாருக்கு அந்த முறை அத்துப்படி. கையைத் தட்டி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று தாளம் தப்பாமல் சொல்வார். முகத்தில் மட்டும் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற களை. எதிரே நிற்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் நிஜமாகவே சிரிப்பார். அந்த வகையில் கிளப்புக்கு ஜாலி சாரால் நன்மைதான்.

ஆனால் அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு சாயங்காலம் அசோசியேஷன் ஹாலுக்கு வர வேண்டும். கேரம். அவர் வருவதற்கு முன்பும் அங்கே கேரம் நடந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாவது மாடிப் பையன்களும் தரைத்தள வாண்டுகளும் போர்டைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டு, பவுடரைப் பாதி போர்டிலும் பாதி தலையிலும் கொட்டிக்கொண்டு விளையாடுவார்கள். இதை முறைப்படுத்தியவர் ஜாலி சார். "இது யார் ஊர் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். "மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன். வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன். காசிமா 2024ல அமெரிக்கா போய் மூணு தங்கம். நீ என்னடான்னா சட்டையில பவுடரைத் துடைக்கிற!" எட்டு வயசுப் பையன் என்ன சொல்வான்? துடைத்ததைத் திரும்பத் தட்டிவிட முயற்சி செய்தான்.

போன மாதம் வீட்டிலிருந்து சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வைத்துப் பார்த்தால் 17. "அப்ப இத்தனை நாளா நீங்க போட்ட காயெல்லாம் செல்லாது" என்று தீர்ப்பு. புது ஸ்ட்ரைக்கர் வந்தது. ஒருவன் சாய்ந்து அடித்தான்: முழங்கை கோட்டைத் தாண்டிவிட்டது, ஃபவுல். இன்னொருத்தி எழுந்து எட்டி அடித்தாள்: ஸ்டூலை விட்டு எழுந்தது ஃபவுல். சிகப்பைப் போட்டவன் ஃபாலோ போடவில்லை, சிகப்பு திரும்ப நடுவுக்குப் போனது. (இது நியாயமான தீர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன்.) ஒரு போர்டு முடிய முக்கால் மணி நேரம். கடைசியில் அந்தப் பவுடர் பையன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"அங்கிள், நாங்க எப்ப விளையாடலாம்?"

"இப்ப விளையாடிட்டுத்தானேடா இருக்கோம்!"

"இது இல்ல அங்கிள். சும்மா விளையாடறது."

ஜாலி சார் உடனே போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்: 'சும்மா விளையாடுவது. அடுத்த கமிட்டி மீட்டிங்கில் பேச வேண்டும்.'

அவருடைய திடீர் ட்ரிப்புகளும் பிரசித்தம். திடீர் ட்ரிப் மூன்று வாரத்துக்கு முன்பே முடிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு, எந்த ஓட்டலில் எத்தனை மணிக்கு இட்லி என்று பட்டியல், யார் யார் எந்தக் கார் என்று அட்டவணை. இப்படித்தான் கொல்லிமலைக்குப் போனார்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அது யாருக்கு உபயோகமோ இல்லையோ, ஜாலி சாருக்கென்றே வைத்தது. எல்லாப் பலகையையும் போட்டோ எடுத்து ஆல்பம் போட வேண்டும், அந்தப் பொறுப்பு பின் சீட்டில் இருக்கும் மகளுக்கு. ஐம்பதைத் தாண்டியதும் சரிபார்த்தால் ஒன்று குறைகிறது.

"43 எங்கே?"

"வாந்தி வந்துச்சுப்பா."

வண்டியைத் திருப்பிவிட்டார். மலையேறிக்கொண்டிருந்த கார் கீழே இறங்கி, 43ஐப் படம் பிடித்து, மறுபடி ஏறியது. ஆகாயகங்கை அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, படி இறங்க விடவில்லை. ஆல்பம் மட்டும் முழுசாக இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்தால் எழுபதையும் காட்டுவார். நான் பார்த்திருக்கிறேன். 43 கொஞ்சம் ஆடியிருக்கிறது.

அந்த மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். திங்கள், புதன் அபாகஸ், செவ்வாய் கீபோர்டு, வியாழன் இந்தி, சனி நீச்சல், அதுவும் போட்டிக்காக. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்கிறார். அப்படிக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்ட மாநிலம் நம்முடையது. கடன் இன்னும் நின்றபாடில்லை. ஜாலி ஷீட்டின்படி அப்பா பம்பரம் விடக் கற்றுக்கொள்ளப் போகும்போது மகள் மேஜையில் குனிந்து மணிகளைத் தள்ளிக்கொண்டிருப்பாள். "நீங்களாவது நல்லா விளையாடிட்டு வாங்கப்பா" என்று அவள் வழியனுப்பியதை அவர் மனைவி வாசலில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார். ஜாலி சாருக்கு அதில் இருந்த குத்து புரியவில்லை. "குட், குட்" என்றார்.

ஆபீஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஃபன் ஃப்ரைடே, பலூன் ஊதுவார்கள், வராதவர்களுக்கு ஹெச்ஆரிலிருந்து மெயில் வரும்.

ஹாலந்து நாட்டு வரலாற்றாசிரியர் யொஹான் ஹொய்சிங்கா, விளையாட்டைப் பற்றி மட்டுமே 1938ல் ஒரு புத்தகம் எழுதினார். தானாக விரும்பி ஆடினால்தான் அது ஆட்டம், ஆடு என்று உத்தரவு போட்ட நிமிஷம் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம். ஜாலி சார் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார். படித்தார் என்றால், கால் மணி நேரச் சுருக்கத்தை சிக்னலில் நிற்கும்போது கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாரும் இதைக் கட்டாயம் கேட்கவும்" என்று குரூப்பில் போட்டார். கேட்டவர்கள் கட்டைவிரல் உயர்த்த வேண்டும். உயர்த்தாதவர்கள் பட்டியல் ராத்திரி வந்தது.

எங்கள் கேட்டில் ஒரு செக்யூரிட்டி பெரியவர் இருக்கிறார். பால் போட வரும் பையனோடு அவருக்கு ஒரு ஆடுபுலி ஆட்டம் நடக்கிறது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் போட்ட கட்டம். மூன்று புலிக்கு சோடா மூடி, பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பழைய கோயில் மண்டபங்களில் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வேலைக்கு நடுவே யார் செதுக்கினார்களோ, மேஸ்திரி அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். கார் வந்தால் பெரியவர் எழுந்து கேட்டைத் திறப்பார். திரும்பி வந்து உட்காரும்போது புலி வேறு இடத்தில் இருக்கும். "டேய், புலி நடந்துச்சா?" "அதுக்குக் கால் இருக்கு தாத்தா, நடக்கும்." ஆட்டம் தொடரும்.

ஜாலி சார் ஒருநாள் இதைக் குனிந்து பார்த்தார்.

"ஸ்கோர் யாரு எழுதறது?"

"எழுதறதில்லீங்க சார்."

"அப்புறம் யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தோத்தவன் டீ வாங்கியாருவான் சார்."

"நேத்து யாரு வாங்கினது?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "நேத்து நீங்க குடுத்த காசுலதான் சார் வாங்கினோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். செக்யூரிட்டிக்கு டீக்காசு கொடுக்கிற ஆள் எங்கள் பிளாக்கில் அவர் ஒருவர்தான். அவருடைய கஷ்டம் வேறு. பத்தாம் வகுப்பிலிருந்து இன்றுவரை செய்ததற்கெல்லாம் மார்க் வாங்கியே பழகியவர். எதற்கும் உதவாத அரைமணி நேரத்தை அவர் கையில் கொடுத்தால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசீது எங்கே என்று தேடுகிறார். அந்த வரிசையில் நாமும் சற்றுத் தள்ளி நிற்கிறோம் என்பதால்தான் அவரைப் பார்த்து இவ்வளவு சிரிப்பு வருகிறது என்று எனக்கொரு சந்தேகம்.

அவரும் ஒருநாள் விளையாடினார். மின்வாரியம் பராமரிப்பு வேலைக்காகக் காலை 9 மணிக்கு கரண்டை நிறுத்திய சனிக்கிழமை. பதினோரு மணிக்கு அவர் வீட்டு இன்வெர்ட்டர் கீச்சிட்டு அடங்கியது. வைஃபை போனது, போனில் நாலு சதவீதம், வாட்ச் ஏற்கெனவே செத்திருந்தது. வேறு வழியில்லாமல் காற்று வாங்கக் கீழே வந்தார். கார் பார்க்கிங்கில் பையன்கள் ரப்பர் பந்தும் ஒரு பலகையும் வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜாலி சார் வருவதைப் பார்த்ததும் பாதிப் பேர் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பவுடர் பையன் மட்டும் தைரியசாலி. "அங்கிள், ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?"

முதல் பந்திலேயே போல்டு. "அது ட்ரையல் பால்!" என்று கத்தினார். பையன்கள் கூடாது என்றார்கள். இவர் பலகையைத் தர மாட்டேன் என்றார். விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ட்ரையல் பாலுக்காக நாற்பத்து மூன்று வயது டெலிவரி மேனேஜர் பத்து நிமிஷம் சண்டை போட்டு ஜெயித்தார். ஒரு பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்று இன்னொரு சண்டை. பி பிளாக் கார் ஒன்றின் சைடு கண்ணாடி உடைந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவரும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார். மாடியிலிருந்து மனைவி, "ஏங்க, ரெண்டு மணிக்கு மீட்டிங்னு சொன்னீங்களே?" என்று கேட்டதற்கு, "நான் இங்க இல்லைன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பைத் தாசில்தார் பார்க்கவில்லை. அது ஒரு நஷ்டம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, உடைந்த கண்ணாடிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, எங்கே எப்படி அந்த ஜாலி வந்தது என்று ஆராய உட்கார்ந்தார். ஆராய்ச்சியின் முடிவு நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 11 முதல் 12 வரை, லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் நீங்கலாக, குடியிருப்பில் மெயின் நிறுத்தப்படும். அனைவரும் கார் பார்க்கிங்குக்கு வந்து தற்செயலாக விளையாட வேண்டும். வருகைப் பதிவேடு உண்டு. ட்ரையல் பால் ஆளுக்கு ஒன்று.

நீங்களும் வரலாம், வெளியாட்களுக்குத் தடையில்லை. பந்து மட்டும் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் அசோசியேஷனில் பந்து வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார், இரண்டுதான் வந்திருக்கிறது.