நகல் பிரையன்

இங்கிலாந்தின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அங்கே ஒரு பிரையன் மே இருப்பார். பகலில் நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வரிக் கணக்கு. சனிக்கிழமை இரவில் தோள்வரை தொங்கும் சுருட்டை முடி. விக்தான். ஆனால் அதை அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது.

குயின் ராக் குழுவின் அசல் பிரையன், 1963-இல் தொடங்கி, அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை அறுத்துத் தன் கிடாரைச் செய்தவர். நம்மவர் அதன் நகலைக் கடையில் வாங்கிவிட்டு, ஏதோ தானே இழைத்தது போல அந்த மரத்தின் கதையைச் சொல்வார். அசல் ஆள் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால்தான் கம்பியை மீட்டுவார். அது 1980-இலேயே செல்லாக்காசாகிவிட்டது. நம்மவர் விடுவாரா? தேடிப் பிடித்து வாங்கி, டப்பாவில் பஞ்சு வைத்துக் காப்பாற்றுகிறார். அசல் ஆள் 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். அதற்கு மட்டும் கடையில் நகல் கிடைக்கவில்லை.

அசல் பிரையன் மேடையில் மனம்போன போக்கில் வாசிக்கலாம், கைதட்டல் விழும். இவர் ஓர் இடம் பிசகினால் முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிப்பார். அதனால் குயினின் 1986 வெம்பிளிக் கச்சேரிதான் இவருக்கு வேதம். "இந்த இடத்துல மூணு தடவைதான் தலையை ஆட்டணும், நீ நாலு ஆட்டுற" என்று தன் நகல் குழுவின் டிரம்மரை வறுத்தெடுப்பார். பாஸ் கிடார்காரர் மட்டும் கெட்டிக்காரர். குயினின் அசல் பாஸ் கலைஞர் ஜான் டீக்கன் ஓய்வுபெற்று, வெளியே தலைகாட்டாமல் இருக்கிறார் அல்லவா, அதைக் காரணம் காட்டி ஒத்திகைக்கே வருவதில்லை.

ஒருமுறை ஊர் நாடகக் கொட்டகைக்கு நிதி திரட்டக் கச்சேரி. 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று மே தேசிய கீதம் வாசித்ததுபோல, கொட்டகைக் கூரையில் ஏறித் தொடங்குகிறேன் என்றார் நம்மவர். "அந்தக் கூரை தாங்காதுன்னுதானே ஐயா இந்தக் கச்சேரியே!" என்று அலறினார் செயலாளர்.

'பொஹிமியன் ராப்சடி'யின் ஓபராப் பகுதி வந்தால், குயின் குழு ஒலிநாடாவை ஓடவிட்டு உள்ளே போய்விடும். பாடகர் ஃப்ரெடியாக வேடமிட்டவர் உட்பட இவர்களும் சாஸ்திரம் பிசகாமல் போனார்கள். அன்றிரவு கேட்டதில் அதுதான் பிரமாதம். சிறுவர் நாடகக் குழுப் பிள்ளைகள் உண்டியல் வாளியோடு சுற்றிவந்தார்கள். மேடையோரம் கிடந்த காசு ஒன்றையும் ஒரு சிறுமி பொறுப்பாக எடுத்து வாளியில் போட்டாள்.

நாடா முடிந்து கிடார் இடியாக இறங்க வேண்டிய நேரத்தில் பிரையன் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். யாரிடமோ பிளாஸ்டிக் பிக்கை இரவல் வாங்கி வாசித்து முடித்தார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவருக்கு விழுந்த பெரிய அடி.

கச்சேரி முடிந்ததும் வாளிகளைக் கவிழ்த்து, விக் ஒரு பக்கம் சரிய, ஐந்து பென்ஸ் குவியலுக்குள் தேடி நாணயத்தைக் கண்டுபிடித்தார். பொருளாளர் அம்மாள் அதை விரலால் அமுக்கிக்கொண்டார். "வாளியில விழுந்தது கூரைக்குச் சொந்தம்." இருபது பவுண்டு நோட்டை நீட்டித்தான் மீட்க முடிந்தது.

அவர் தலை மறைந்ததும் அம்மாள் சிறுமியைக் கூப்பிட்டார். "ஃப்ரெடியோட ஒட்டுமீசை எங்கேயாவது விழுந்து கிடக்கான்னு போய்ப் பார்த்துட்டு வா, கண்ணு."