புளியங்கொட்டை ஸ்டார்ட்அப்

‘ஆந்த்ரப்ரனர்’ என்று இன்று கோட் போட்டு மேடையேறுகிறவரின் பூர்விகம் பிரான்ஸ். அங்கே ஆதியில் அந்தப் பெயர், அரசாங்கத்துக்குப் பாலமும் கோட்டையும் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்தவருக்கு. அதாவது காண்டிராக்டர். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இவரைத் தனியே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார்.

அவரைப் பொருளாதாரத்துக்குள் கூட்டிவந்தவர் ரிச்சர்ட் காண்டில்லான். அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் பணம் பண்ணியவர். அவர் இறந்தபின் 1755இல் வெளிவந்த நூலின்படி, தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்கிறவர்தான் இந்த ஆசாமி. பிச்சைக்காரரையும் திருடரையும்கூட அவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவர்களுக்கு மட்டும் இன்னும் விருது விழா இல்லை.

பாம்பன் விசைப்படகுக்காரருக்கு டீசல் விலை தெரியும், ஐஸ் விலை தெரியும். இறால் கிடைக்குமா, ஏலத்தில் என்ன விலை போகும் என்பது தெரியாது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை வேறு. காண்டில்லான் அந்த ரிஸ்க்கை யோசித்திருக்க மாட்டார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி. ராமேஸ்வரத்துச் சிறுவன் அப்துல் கலாம் அதைப் பொறுக்கி மசூதித் தெரு மளிகைக் கடையில் விற்றார். ஒரு நாள் வசூல் ஓரணா. ரயில் அங்கே நிற்காமல் போனதும், ஓடும் வண்டியிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. இன்றைய பாஷையில் லாஜிஸ்டிக்ஸ்.

அப்பா ஜைனுலாப்தீன் யாத்ரீகர்களை ஏற்றிப்போகப் பாய்மரப் படகு கட்டினார். வியாபாரம் நன்றாகவே நடந்தது, புயல் வந்து படகைக் கொண்டுபோகும் வரை. மகன் அரசாங்கச் சம்பளத்துக்குப் போனார். தொழில்முனைவோர் கருத்தரங்குகளில் மாட்டுவது மகன் படத்தைத்தான்.