சுவிட்சும் கும்பிடும்: செய்யூர் வட்டாரத்து அந்திப் பழக்கம் பற்றி ஓர் ஆராய்ச்சி

அந்தி நேரத்தில் செய்யூர்க் கடைத்தெருவில் நின்றால் ஒன்றைக் காணலாம். சுவிட்சைத் தட்டுகிறார்கள், பல்பு எரிகிறது, உடனே கை குவிகிறது. அறிஞர் உலகம் இதை இன்னும் சீண்டாதது வியப்பே. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

முதல் சிக்கல், எதைக் கும்பிடுகிறார்கள் என்பது. ஊரில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. கந்தசுவாமி கோயிலில் நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 வேதாளங்களே இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரு எல்இடி பல்புக்குத் தனிக் கும்பிடு போகிறது. அகல்விளக்குக் காலத்தில் கை கற்ற பாடம் இது என்பது எமது கருதுகோள். எண்ணெயும் திரியும் போயின. குண்டு பல்பு வந்தது. டியூப்லைட் வந்து, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. வடக்கே கல்பாக்கத்தில் 1984 முதல் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறார்கள். யுரேனியத்துக்கும் சேர்த்தே கும்பிடு விழுகிறது என்பதை விஞ்ஞானிகளின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

களப்பணிக்கு ஒரு மளிகைக் கடை தேர்வாயிற்று. கடைக்காரர் வலது கையில் துவரம்பருப்புப் பொட்டலம். சணல் நுனி பல்லிடுக்கில். இடது கையால் சுவிட்சைத் தட்டினார். கும்பிட இன்னொரு கை வேண்டுமே? அவர் தடுமாறவில்லை. தட்டிய விரலாலேயே சுவிட்சுப் போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கல்லாப்பெட்டியைத் தொட்டு மறுபடி ஒற்றினார். சணலைச் சுற்றிப் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார்.

“எந்தச் சாமியண்ணே கும்பிட்டீங்க?” என்று கேட்டோம்.

“நானா? எப்ப?” என்றார்.

இதைவிடச் சிறந்த சான்று எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில் ஒரு முன்னாள் சிப்பாய் வருகிறார். சாப்பாட்டைச் சுமந்துகொண்டு தெருவில் போகிறவரைப் பார்த்து ஒரு குறும்பன் “அட்டென்ஷன்!” என்று கத்த, கைகள் விறைத்துக் கீழிறங்கி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாக்கடையில் விழுகின்றன. நம் கடைக்காரரோ ஒரு பருப்பைக்கூடச் சிந்தவில்லை. பழகிய கையின் தரத்தில் செய்யூர் ஒரு படி மேல் என்றே பதிவு செய்கிறோம்.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2010-இல் அச்சேறிய கட்டுரையில், சராசரி 66 நாள் என்றார்கள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரையாம். அவர்கள் பாட்டிமாரைக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. இடுப்பில் குழந்தையோடு பாட்டி லைட்டைப் போட்டு, “சாமி கும்பிடு” என்று அதன் இரு கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கிறாள். பேச்சு வருமுன் பழக்கம் வந்துவிடுகிறது. பிறகு அக்குழந்தை ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே எரியும் விளக்கையும் கும்பிடுகிறது. தர்க்கப்படி அது செய்வதுதான் சரி.

கை பழகியபின் குணமும் பின்னாலேயே வருகிறது. விளக்கு வைத்த வீட்டில் சிறிது நேரமாவது குரல் தாழ்கிறது. பாதியில் நிற்கும் சண்டை மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது. உப்பளங்கள் உள்ள வட்டாரம் இது. ஆனாலும் விளக்கு வைத்தபின் பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு பெயராது. பணமும் அப்படியே. ஆகவே கைமாற்று கேட்பவர்கள் வெயில் தாழுமுன் வந்துவிடுகிறார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் ஐந்து மணிக்கே லைட்டைப் போட்டுவிடுகிறார்கள். பழக்கம் பக்தியை மட்டும் வளர்க்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்க.

2012-இல் தமிழகம் மின்வெட்டில் தவித்தபோது, கரண்ட் வரும்போதெல்லாம் கும்பிட்டவர்கள் உண்டு. பக்தி வரலாற்றில் மின்வாரியத்தின் இந்தப் பங்கை எவரும் எழுதவில்லை. செய்யூருக்கென்று 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்றும் திட்டமிடப்பட்டது. எதிர்ப்புகளுக்கும் தாமதங்களுக்கும் நடுவே அது வராமலே நின்றுபோனது. கும்பிடுக்கு அதனால் குறைவில்லை.

இதையெல்லாம் மூடத்தனம் என்று சிரிக்கும் பகுத்தறிவாளர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் போனது தெரிந்தே, மெழுகுவத்தியும் கையுமாக அறைக்குள் நுழைகிறீர்கள். நுழைந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சைத் தட்டுகிறீர்கள். செய்யூர்க்காரராவது பல்பு எரிந்தபின்தான் கும்பிடுகிறார்.