சிற்றில் சிதைத்தல்: சேத்துப்பட்டுத் தறிவீட்டுச் சிறுவர் குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆண்பிள்ளைகளின் அட்டகாசத்தைக் கண்டித்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் தமிழர்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலார்க்கும் பொது. கடைசி மூன்றில் பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் ஒதுக்கிய புலவர்கள், ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஒதுக்கினார்கள். அதாவது, சிறுமிகள் பாடுபட்டுக் கட்டிய மணல்வீட்டைக் காலால் எத்துவது, காது கிழியப் பறை கொட்டுவது, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது. ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். அன்று முதல் இன்று வரை இந்தப் பட்டியலில் ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. சிறுதேருக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் புலவர்கள் மௌனம். அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் சேத்துப்பட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே, போளூருக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு லூர்து அன்னை கோயிலைச் சொன்னால் தெரியும். நெல் வியாபாரிகளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைச் சொன்னால் தெரியும். (சென்னைச் சேத்துப்பட்டு என்று நினைத்துக் குழம்புகிறவர்களைப் பற்றித் தனி ஆய்வு வேண்டும்.) ஆரணிப் பட்டு என்று விற்கும் சேலை ஆரணிக்குள் மட்டும் நெய்வதில்லை. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி போட்டிருப்பார்கள். தறி எங்கே முடிகிறது, குடித்தனம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எல்லைக்கல் கிடையாது. எடுத்துக்கொண்ட மாதிரிகள் இரண்டு: ஒன்றுக்கு ஏழு வயது, மற்றதற்கு நாலு. மாதிரிகளைத் தேர்ந்த முறை: பிறந்தார்கள். ஆய்வாளர் அவர்களுடைய அம்மா என்பதால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கூடத்தின் குறுக்கே சில ஆயிரம் இழைகள் கொண்ட பாவு இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு பாவு நெய்து முடிந்தால் அடுத்த பாவை அதன் நுனியோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும். அந்த இழைகளுக்கு அடியில்தான் இளைய மாதிரியின் போக்குவரத்து. அப்பா மிதிகட்டையில் காலை வைத்தால் ஏதோ மெத்தென்று மிதிபடும். குழிக்குள் ஒளிந்திருப்பவன் "நான் இல்லப்பா" என்பான்.

நூலும் முடிச்சும் பற்றி முன்னாய்வு ஒன்று உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுப் பத்து விநாடி சுழற்றிப் பார்த்தார்கள். இப்படி 3,415 முறை. கயிறு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டது. 120 வகை முடிச்சு கிடைத்தது. 2007-இல் கட்டுரை வெளிவந்தது, 2008-இல் இக் நோபல் பரிசும் வந்தது. நல்ல உழைப்புதான். ஆனால் 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சே விழவில்லை என்று அவர்கள் எழுதியிருப்பதை இவ்வாய்வு ஏற்கவில்லை. ஒரு சாண் பட்டு நூலில் ஆயாவின் மூக்குக்கண்ணாடியையும் தார்க்குச்சியையும் பூனை வாலையும் சேர்த்துக் கட்டிய சான்று இங்கே இருக்கிறது. பெட்டிக்குப் பதில் ஒரு பையனை வைத்திருந்தால் 3,415 முறை தேவைப்பட்டிருக்காது.

ஆயா என்றது மாதிரிகளின் ஆயாவை, அதாவது என் மாமியாரை. மரபுச் சிந்தனைப் பள்ளிக்கு இந்தத் தெருவில் அவர்தான் தலைவர். கோட்பாடு ஒரே வரி: "ஆம்பளப் புள்ளன்னா அப்படித்தான் இருக்கும், உட்டுடு." பழமையான பள்ளி. பாண்டியன் அறிவுடைநம்பியும் இதைச் சேர்ந்தவர்தான். குழந்தை நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் அப்பிக்கொள்வதைப் பார்த்து மயங்கி, இப்படிப் பிள்ளை இல்லாதவர் வாழ்ந்த நாளுக்குப் பயனே இல்லை என்று புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் முடிவே கட்டிவிட்டார். பாட்டு அருமை. தரையைத் துடைத்தவர் யார் என்ற குறிப்பு மட்டும் அதில் இல்லை. அரண்மனையில் அதற்கு ஆள் இருந்திருக்கும். ஒரு கோட்பாட்டைச் சொல்பவர் ஒருவர், துடைப்பவர் வேறொருவர் என்றால் அக்கோட்பாடு நெடுங்காலம் நிலைக்கும் என்பது இவ்வாய்வின் துணை முடிவு. இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "உம் புருஷன நான் தொடச்சித்தான் வளத்தேன்" என்றார். மறுக்க முடியாத தரவு, பதிவு செய்துகொண்டேன்.

சிறுபறைப் பருவத்தை ஆராய ஏற்ற காலம், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் காலம். பகலில் பிரசங்கம், விடிய விடியத் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேடம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். அதைப் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் வீட்டுக்கு வீடு படுகளம்தான். மூத்தவன் எப்போதும் பீமன். இளையவன் பிறவித் துரியோதனன். கதாயுதம், குழம்புக் கரண்டி. தொடையில் அடிபட்டால் சாக வேண்டும் என்ற விதியை நாலு வயதுத் துரியோதனன் ஒப்புக்கொள்வதில்லை; எழுந்து பீமனின் தோளைக் கடித்தான். பாரதத்தோடு பொருந்தியது ஒன்றே ஒன்று: சண்டையை விலக்கத் தலைவிரிகோலமாக ஓடிவந்து நின்றவள் நான்.

இனி மையக் கருதுகோள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் அதில் கோத்த துளையட்டைகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முந்தானையில் மயிலும் மாங்காயும் விழுவது அதனால்தான். 1804-இல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு அந்தப் பெட்டியைக் கொண்டுவரும் வரை அந்த வேலையைச் செய்தது ஒரு பையன். தறியோரம் உட்கார்ந்து வரிசை மாறாமல் கயிறுகளை இழுக்க வேண்டும், நாள் முழுக்க. ஜக்கார்டும் ஒரு நெசவாளியின் மகன்தான். அவருடைய அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குத் துளையட்டையை எடுத்துக்கொண்டார். அந்த எண்ணத்தின் வம்சத்தில் வந்தது கணினி, அதன் வயிற்றில் பிறந்தது கைபேசி. ஒரு பையனைத் தறியிலிருந்து எழுப்பி அனுப்பியதில் தொடங்கிய கதை இது. இப்போது அந்தக் கைபேசியைக் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறவனும் ஒரு பையன்தான்.

நம் பக்கத்தில் பையன் எழுந்திருக்க இன்னும் ரொம்ப நாளாயிற்று. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடா மூன்று; எதிர்ப்பக்கத்து நாடாவைத் தள்ள ஒரு துணைக் கை வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து ஆரணி வரை அந்தக் கை பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் கையாக இருந்தது. 1982-இல் சத்துணவு, 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்துதான் அவனை எழுப்பின. "எங்க காலத்துல பசங்க இப்படியா ஆடுனாங்க?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆடவில்லைதான். ஆட நேரம் ஏது? பாட்டன் வேலை பார்த்த குழியில் பேரன் ஒளிந்து விளையாடுகிறான். ஆகவே, வீட்டில் நடக்கும் ரகளையின் அளவு, பையன் தறிவேலையிலிருந்து விலகி நிற்கும் தூரத்துக்கு நேர்விகிதம். வீடு அமைதியாக இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பையன்களால் உற்பத்தி கெடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கும் எதிர்ச்சான்று உண்டு. தறிவீட்டில் பிறந்தவன் தறிச் சத்தத்தில்தான் தூங்குவான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். மத்தியானம் அப்பாவுக்கும் கண்ணைச் சொக்கும். ஆனால் நாடா நின்றால் இரண்டு பேரும் எழுந்துவிடுவார்களே என்ற பயத்திலேயே நெய்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஏறிய முழங்களை யார் கணக்கில் எழுதுவது என்பது மேலாய்வுக்கு உரியது. தீர்வு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. சிக்கலை உண்டாக்கியவனிடமே பிரிக்கக் கொடுத்துப் பார்த்தேன். மூத்தவன் நாக்கைத் துருத்திக்கொண்டு விளக்கு வைக்கும் நேரம் வரை பிரித்தான். கூப்பிடாமலே தம்பி வந்து நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் நூல் நேராக நின்றது. பிறகு அதே நூலால் என்னைத் தூணோடு கட்டிவிட்டார்கள்.

சேலை எடுக்க ஆரணிப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கையில் சின்ன முடிச்சு ஒன்று கையில் நெருடினால், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நெய்தவரிடம் பையனுக்கு என்ன வயது என்று மட்டும் கேளுங்கள்.