டேங்கியை ஆட்டிக் கேட்டல்: கற்பிட்டி வீதி மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாலாவிச் சந்தியில் ஒழுங்காகப் புறப்பட்ட பழைய ஹொண்டா சி.டி. 125 ஒன்று, நுரைச்சோலை தாண்டியதும் ஏன் நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆராய மூன்று வாரம் பிடித்தது. வண்டியைத் திருத்த அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடம் ஆய்வு நெறிக்கு உட்படாதது என்பதால் கடைசியில் வைக்கப்பட்டுள்ளது.

1. முன்னோடி ஆய்வுகள்

இத்துறையில் முன்னோர் விட்டுச்சென்ற இடைவெளி பெரிது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை கசற்றியரையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூராக்’கையும் வெளியிட்டவர். இரண்டிலும் காபரேட்டர் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் காலத்தில் இங்கே காபரேட்டரே இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்வர். இல்லாத ஒன்றைப் பற்றி எழுதத் தயங்கியவர் எப்படி ஆய்வாளராவார்? இன்று எவருக்கும் அந்தத் தயக்கம் கிடையாது.

இப்னு பதூதா பரவாயில்லை. 1344இல் புத்தளக் கரையில் இறங்கிய அவர், பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டபோது ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும், சாப்பாட்டுச் சாமான் சுமக்க மட்டும் 15 ஆட்களும் கொடுத்தனுப்பினார் என்று எழுதி வைத்திருக்கிறார். இம்மாவட்டத்தில் ‘ரிசர்வ்’ பற்றிய ஆதிச் சான்றாக இதையே கொள்கிறோம்.

2. வகைப்பாடு

வண்டிக்குப் பெற்றோல் இறங்காமை ஐவகைப்படும்.

அ) பெற்றோல் இன்மை. 2022 ஜூலையில் கியூஆர் வைத்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தபோது வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆ) பெற்றோல் கொக் பூட்டியிருத்தல். வெட்கம் கருதி விரிக்கவில்லை.

இ) தண்ணீர். களப்பு ஈரம் இரவில் டேங்கிக்குள் வியர்க்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், அடியில் போய் உட்காரும். கொக்கும் அங்கேதான் இருக்கிறது. காபரேட்டரின் அடிச்சட்டி இஸ்குரூப்பைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். கீழே தண்ணீர், மேலே பெற்றோல், நடுவில் கோடு கீறினாற்போல் பிரிந்து நிற்கும்.

ஈ) துரு. உப்பளக் காற்றுப் பட்ட இரும்பு என்னாகும் என்று புத்தளத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துருத்தூள் இறங்கி, அரை மில்லிமீற்றர்கூட இல்லாத பைலட் ஜெட் ஓட்டையை அடைக்கும். பிரேக் கேபிள் இழையால் அதைக் குத்துவோர் ஓட்டையைப் பெருப்பித்துவிட்டு, வண்டி பெற்றோல் குடிக்கிறது என்று வண்டியை ஏசுவர் (வாய்மொழி, கராஜ் பாஸ் ஒருவர், காலை). இதைத் தடுக்க இக்கட்டுரையாளர் தமது டேங்கி மூடியைச் சொப்பிங் பேக்கால் இறுகச் சுற்றி, ரப்பர் வளையமும் போட்டு வைத்திருக்கிறார் என்பதைப் பணிவுடன் பதிவுசெய்கிறோம்.

உ) காரணம் புலப்படாதது. இதற்குத் தனி இயல் வேண்டும்.

3. ஆட்டொலி இயல்

வண்டி நின்றதும் நம்மவர் முதலில் செய்வது, இரு காலையும் ஊன்றி, ஹேண்டிலைப் பிடித்து வண்டியை இடம் வலமாக ஆட்டி, டேங்கிப் பக்கம் காதைச் சாய்ப்பது. மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் அபிப்பிராயம் சொல்ல இடமிராது.

ஒலிகள் நான்கு. ‘களக் களக்’ என்றால் பாதிக்கு மேல். ‘சளக் சளக்’ என்றால் கால்வாசி. மூன்றாவது, ஒரே ஒரு ‘சளக்’. சண்டை இங்கேதான் தொடங்குகிறது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்பது இலக்கணம். அப்படியானால் ஒற்றைச் ‘சளக்’ சொல்லே அல்ல; சொல் அல்லாததைப் பெற்றோல் என்று கொள்வது எங்ஙனம்? டேங்கி இலக்கணம் தவறியதேயன்றி வெறுமையாகவில்லை என்பது ஒரு சாரார் கருத்து (இடப்பக்க வாங்கு மரபு, இரண்டாம் பிளேன்ரீ, மூன்றாம் மிடறு). இலக்கணம் சரி, பெற்றோல்தான் பிழை என்பது எதிர்ச்சாரார் கருத்து (வலப்பக்க வாங்கு மரபு, வடை சுற்றிவந்த தாளின் பின்புறம், எண்ணெய் ஊறி இரண்டாம் வரி அழிந்த ஒற்றைப் பிரதி. அழிந்த வரியே ஆகமுக்கியமானது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை).

நான்காவது, ஒலியின்மை. ‘நிறைகுடம் தளும்பாது’ என்ற பழமொழியை மேடைதோறும் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெறுங்குடமும் தளும்பாது. கழுத்துவரை பெற்றோல் அடித்த டேங்கியும் சத்தம் போடாது, காய்ந்த டேங்கியும் சத்தம் போடாது. ஆய்வரங்குகளில் இவ்விரு வகையினரும் முன்வரிசையில் அருகருகே பேசாமல் அமர்ந்திருப்பதால், யார் எவர் என்று கண்டுபிடிக்க இன்னும் கருவி வரவில்லை. நடுவில் தளும்புகிறவரே கட்டுரை வாசிப்பவர்.

4. கள ஆய்வு

நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், 900 மெகாவோட் நிலையத்துக்கு முன்னால், எமது வண்டி இருமி நின்றது. ஆட்டினோம். ‘களக் களக்’. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், நெருப்பு இருந்தது. கால் மணி நேரம் சும்மா நின்றோம். கிக் அடித்ததும் ஓடியது. சற்றுத் தூரம் போய் மறுபடி நின்றது. ஆறவிட்டால் ஓடுகிறது, ஓடினால் நிற்கிறது. எனவே வண்டி களைத்திருக்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தோம். வீதியோரம் நின்ற கழுதைகள் இரண்டு அதைச் செவிமடுத்தன. துறைசார் மதிப்பீட்டாளர் இருவர் என்ற விதி இவ்வாறு நிறைவேறியது. இருவரும் பெயர் வெளியிட விரும்பவில்லை; மாற்றுக் கருத்தும் தெரிவிக்கவில்லை.

மாம்புரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடைப் பையன் பால்டின் உடைத்துக்கொண்டிருந்தான். ஆணியால் மூடியின் ஒரு கரையில் ஒரு குத்து. எதிர்க்கரையில் இன்னொரு குத்து. சாய்த்தான். பால் நூலாக இறங்கியது. கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தவன் வண்டியைப் பார்த்தான், சொப்பிங் பேக்கைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான்.

“என்னா காக்கா, வண்டிக்கி மூச்சு முட்ட வெச்சிருக்கீங்க? பால்டின்னுக்கு ஒரு ஓட்ட மட்டும் போட்டா பால் வருமா?”

ரப்பர் வளையத்தை உருவி மூடியைத் திறந்தான். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியைப் போட்டு ஒரு கிக். வண்டி ஓடியது. தேத்தண்ணி ஆறியிருந்தது.

5. முடிபு

பையனின் கூற்றை ஏற்பதில் மூன்று தடைகள் உண்டு. ஒன்று, அவன் எவரையும் மேற்கோள் காட்டவில்லை. இரண்டு, பால்டின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக் கருவி அல்ல. மூன்று, அவன் சொன்னது சரியாக இருக்கிறது; இதற்குமேல் யாரும் எழுத அது இடம் வைக்கவில்லை. துறையின் எதிர்காலம் கருதி அதை நிராகரிக்கிறோம்.

வண்டி வைத்திருக்கும் வாசகருக்கு மட்டும் ஒரு வார்த்தை. கொஞ்சத் தூரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடும் வண்டியானால், முதலில் டேங்கி மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் மூடியிலுள்ள சின்ன ஓட்டை அடைபட்டிருக்கிறது. ஊதித் துடைத்தால் போதும். ஆட்ட வேண்டாம்.