விட்டிசை இலக்கணம்: ஒயர்லெஸ் ஸ்பீக்கர் இயல்

பழைய ஸ்பீக்கருக்கு சாப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் காலை, செம்பை பாகவதரின் கீர்த்தனை நாலு சொல்லுக்கு ஒருமுறை விக்கும். விக்கலுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைப்பட்ட மௌனமே ஈண்டு ஆய்வுப்பொருள். ஆய்வெல்லை: வேலந்தாவளம் செக்போஸ்ட் முதல் பாலக்காட்டுச் சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரை வரை. இதற்கப்பால் விக்கும் ஸ்பீக்கர்கள் வேறு பல்கலைக்கழகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

காரணம் கூறுவோர் மூவகையர்.

மைக்ரோவேவ் அடுப்பைக் குற்றம் சொல்வோர் முதல்வகை. அடுப்பும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் புழங்குவதால் இவர்கள் சொல்வது உண்மை. உண்மையாகிவிட்டதால் மேலும் ஆராய இடமில்லை.

இரண்டாம் வகையினர் கணவாய்வாதிகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அலையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பர். அப்படியானால் ஆடிக்காற்றில் போன பாட்டு எங்கே என்ற வினாவுக்கு, "பொள்ளாச்சியில் தெளிவாகக் கேட்கிறது" என விடை உண்டு (திண்ணை வாய்மொழி, மின்வெட்டு நேரம், எதிர்வீட்டார் இருமியதால் இரு சொற்கள் சிதைந்துள்ளன). கொங்குப் படையைச் சித்தூர்ப் பகவதி விரட்டியதை ஊர் ஆண்டுதோறும் கொங்கன்படைத் திருவிழாவாகக் கொண்டாடுவதால், கோவை வழி வரும் இன்டர்நெட்டையும் பகவதி தடுக்கிறாள் என்பாரும் உளர்.

மூன்றாம் வகையினர் அணைத்துப் போடுவோர். இவர்களுள் பத்து விநாடிக் கட்சி, முப்பது விநாடிக் கட்சி என இரண்டு. பிளக்கைப் பிடுங்கியபின் கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியவேண்டும் என்பதுவரை இரு கட்சிக்கும் ஒப்புதலே. எத்தனை விநாடி என்பதில்தான் சம்பந்தம் முறிந்தது. பத்து என்பதே மூலபாடம், முப்பது இடைச்செருகல் என்பார் மருமகன் (போனில், சிக்னல் உள்ளவரை). முப்பதைச் சுருக்கிச் சொன்னதே பத்து என்பார் மாமனார் ('மருமகனுக்கு மறுப்பு', சமையலறை வாசல், திருத்திய பதிப்பு, திருத்தாத பதிப்பு குழந்தைகள் முன் சொல்லத் தகாதது). 'மறுப்புக்கு மறுப்பு' மகள் வழியாக வந்தது, வரும்வழியில் பாதி குறைந்தது (மேற்படி, மேற்படியின் மேற்படி, பால் கணக்கு நோட்டு, பின்னட்டை, எண்ணெய்க் கறைக்கு இடப்புறம்). இருபது என்று சமரசம் பேசிய சித்தப்பாவை இரு கட்சியும் கல்யாணப் பத்திரிகையில் போடவில்லை. முதலில் அணைக்கவேண்டியது ரூட்டரா ஸ்பீக்கரா என்பது தனிநூலாக விரியும். அதற்கு மானியம் கோரப்பட்டுள்ளது. இவர்களில் ஒருவரும் இதுவரை பிளக்கைப் பிடுங்கியதில்லை. கல்வெட்டைப் பார்க்காமலே அதன் காலத்தை நிறுவும் துறைத்தலைவர்கள் நம்மிடையே இருப்பதால் இது குற்றமாகாது என்க.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாத கட்டுரை பதவி உயர்வுக்கு உதவாது. ஆகவே: 2024 மே மாதம் சோனோஸ் நிறுவனம் தன் செயலியை அடியோடு மாற்றியது. ஸ்லீப் டைமர் உட்படப் பழகிய வசதிகள் பல காணாமற்போயின. ஜூலையில் தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவி விலகினார். அதே ஆண்டு மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ, உள்ளிருந்த பத்தாண்டுச் சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் முடங்கியது. அதற்கு மருந்தாக வந்ததோ ஓர் அப்டேட். வந்தால் விக்கல், வராவிட்டால் ஊமை.

புது மென்பொருள் கேட்கும் வேகமும் நினைவகமும் பழைய ஸ்பீக்கரில் இல்லை, சேர்த்துவைத்த பாட்டு தீர்ந்ததும் மௌனம் விழுகிறது என்றொரு கருத்தும் உண்டு. எளிதில் புரிவதால் தள்ளப்பட்டது.

இதற்கிடையே எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்தார். ரூட்டரை ஆட்டோ சேனலிலிருந்து எடுத்து, 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்தினார். ஸ்பீக்கருக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுத்தார். அப்படியும் லேசாக விக்கவே, பின்பக்க லேன் போர்ட்டில் ஒயரைச் செருகி, "இனி பாடுமுங்க" என்றார். பாடியது. அவர் அடிக்குறிப்பு எதுவும் தராததால் இதை ஆய்வாக ஏற்க இயலாது. மேலும், ஒயர் செருகியபின் அது ஒயர்லெஸ் ஸ்பீக்கர் அன்று. எனவே இவ்வியலில் அடங்காது.