நண்பர் விற்கும் சான்ட்ரோ

கேள்வி: நண்பர் தன்னுடைய 2010 மாடல் சான்ட்ரோவை, ‘உனக்காகக் குறைச்சுத் தரேன்’ என்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: நண்பரை நம்புங்கள், டைமிங் பெல்ட்டை நம்பாதீர்கள். ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ‘எப்போ மாத்தினே?’ என்று கேளுங்கள். ‘நல்லாத்தானே ஓடுது’ என்று பதில் வந்தால் மாற்றவே இல்லை என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அடுத்து, பானெட்டைத் தூக்கி வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்ப்பது நம்மூர்ப் பட்டுக்குத்தான் அழகு, காருக்கு அல்ல!

15 வருடப் பதிவுக் காலம் முடிந்த வண்டி. 5 வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்று ஆர்.சி.யில் பாருங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள், இன்ஷூரன்ஸையும்தான். இல்லையென்றால், கருடசேவைக் கூட்டத்தில் நீங்கள் யாரையாவது இடித்ததற்கு அவர் கோர்ட்டுக்கு அலைவார்.

மற்றபடி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வம்சம். நம் மாவட்டத்துப் பிள்ளை. மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆயிலும் கூலன்ட்டும் நேரத்துக்கு மாற்றுவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். ரிப்பேர் வந்தால் மட்டும் தயவுசெய்து நண்பருக்குப் போன் போடாதீர்கள்.